இன்றைய மூட்டைகள் மட்டும்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் தனியார் நெல் ஏலக் களம் ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் என் வீட்டுக்கு ஆளனுப்பி அழைத்தபோது நவரைப் பருவ அறுவடை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. களத்துக் கணினி நாளுக்கு நாள் மெதுவாகி வருகிறது, வரத்து மிகும் நாள்களில் நின்றே போய்விடும் என்று அவர் அஞ்சினார். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே தரவுத்தளங்களைப் பேணுவது என் தொழில். கேட்ட கேள்விக்கு விடை தரத் தரவுத்தளம் தாமதித்தால், அந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது என்று கண்டு களைவதற்கே எனக்குச் சம்பளம். ஊருக்குள் இப்படியொரு பெண் இருக்கிறாள் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

களத்தின் நடைமுறை எளியது. உழவர் மூட்டைகளை இறக்கியதும் வாயிலில் பதிவு செய்து, அவர் கொண்டுவந்த மூட்டைகள் அனைத்துக்கும் சேர்த்து ஓர் எண் தருவார்கள். வியாபாரிகள் களத்தில் நடந்து, நெல்லைக் கையில் அள்ளி, இரண்டு மணிகளைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். பிறகு கைபேசியில் எண்களின் பட்டியலைத் திறந்து, விரும்பிய எண்ணுக்கு நேரே தாம் தரும் விலையை இடுவார்கள். நண்பகலில் ஏலம் மூடப்படும். இடப்பட்ட விலைகளில் எது மிகுதியோ அதைப் பதிவு மேசையில் உள்ள பெண் உழவருக்குப் படித்துச் சொல்வார். அவர் இசைந்தால் நெல் எடை மேடைக்குப் போகும். இவ்வளவில் அந்தப் பட்டியல் ஒன்றுதான் திறக்க மறுத்தது.

“லிஸ்ட்ட தட்டி வுட்டுட்டு நானு கடைக்குப் போயி டீ குடிச்சிட்டு வர்றேன் மேடம். வந்து பாத்தா அப்பவும் சுத்திக்கினே இருக்குது” என்றார் பதிவு மேசைப் பெண். இவள் குடிக்கும் தேநீரிலேயே தம் தரகு முழுவதும் கரைந்துவிடும் என்று உரிமையாளர் அலுத்துக்கொண்டார். அவர் கவலை விளையாட்டன்று. பட்டியல் திறக்காவிட்டால் வியாபாரிகள் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார்கள். வியாபாரிகள் போனால் உழவரும் வரமாட்டார்கள்.

அவர்களுடைய அலுவலறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். களம் தொடங்கிய நாள்முதல் வந்த பதிவுகள் எல்லாம் ஒரே அட்டவணையில் கிடந்தன. எந்த வியாபாரி பட்டியலைத் திறந்தாலும், தரவுத்தளம் முதற்பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. களத்தில் எவரும் இப்படித் தேடமாட்டார். ஒருவருடைய நெல் எங்கே என்று பார்க்க வந்தவர் மூட்டை மூட்டையாக நோக்கிக்கொண்டு போவதில்லை; தூண்களில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பதைப் பார்த்து நேரே அந்த வரிசைக்கு நடப்பார். தரவுத்தளத்திலும் அவ்வாறு தூணில் எழுதிவைக்க வழி உண்டு. தொழிலில் அதை இண்டெக்ஸ் என்பர். அடைவு என்னும் பழைய சொல் அதற்கு நன்றாகப் பொருந்தும். மூட்டை வந்த தேதிக்கு ஓர் அடைவு அமைத்தேன். தாமதத்தில் ஒரு பகுதி அப்போதே கழிந்தது.

எஞ்சிய பகுதி வினவலில் இருந்தது. தரவுத்தளத்திடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். அந்த வினவலை எழுதியவர் யாரோ. வேலையை விட்டுப் போய் நெடுநாள் ஆகிவிட்டது. இன்று வந்த மூட்டைகளைக் காட்டு என்று கேட்க வேண்டிய இடத்தில், இதுவரை விற்று முடியாத மூட்டைகளையெல்லாம் காட்டு என்று அவர் கேட்டிருந்தார். இதற்கு விடை காண, தரவுத்தளம் ஒவ்வோர் எண்ணையும் தூக்கிக்கொண்டு விற்பனை அட்டவணைக்குப் போய், அங்கே அந்த எண் உண்டா இல்லையா என்று நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. எப்போதோ விற்று, அரைத்து, உண்டு தீர்த்த நெல்லுக்கும் அதே அலைச்சல்தான். எழுதியவர் நெல் ஏலத்தைக் கண்ணால் பார்த்திராதவர் என்று முடிவு செய்தேன். நான் பார்த்திருந்தேன்.

அவலூர்பேட்டைப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. பள்ளி விடுமுறைகளில் தந்தையோடு மூட்டைகளின்மேல் அமர்ந்து ஏலத்துக்கு வந்திருக்கிறேன். காலையில் இறக்கிய நெல் மாலைக்குள் போய்விடும். சொன்ன விலைக்குத் தலையசைப்பதே என் தந்தையின் வழக்கம். மூட்டை களத்தில் ஓரிரவு தங்கினால் நெல்லில் ஏதோ பழுது என்று பேச்செழும். அந்தப் பேச்சைக் காட்டிலும் குறைந்த விலை மேல் என்பது எங்கள் உறவினருக்குள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. எனவே, அன்று வந்த நெல் அன்றே விற்கும் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. ஐயம் எழாததால் எவரையும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமற் போகவில்லை; பதிவு மேசைப் பெண் கையெட்டும் தொலைவில்தான் இருந்தார்.

பழைய நிபந்தனையை நீக்கிவிட்டு, இன்றைய தேதி உள்ளவற்றை மட்டும் காட்டு என்று எழுதினேன். விசையைத் தொட்ட விரல் எழும்புமுன் பட்டியல் வந்து நின்றது. பழைய வினவலின் விடையையும் புதியதன் விடையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஓர் எண்ணும் மாறவில்லை. அறுவடைக்கு முந்தைய ஓய்ந்த நாள் அது. களத்தில் கிடந்த சிலருடைய நெல்லும் அன்று காலையில்தான் வந்திருந்தது. வேறு நாளைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று, பிறர் எழுதியதைத் திருத்தும்போது நான் தவறாமல் சொல்வதுண்டு. அன்று எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வியாபாரிகள் மகிழ்ந்தனர். “பாப்பா கைய வெச்சதும் லிஸ்ட்டு பறக்குது பாரு” என்று ஒருவர் தம் கைபேசியை மற்றவரிடம் காட்டினார். உரிமையாளர் எனக்குப் பழச்சாறு வரவழைத்தார். பதிவு மேசைப் பெண் மட்டும், இனித் தமக்குத் தேநீர் குடிக்க நேரமில்லை என்று முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தார்.

அறுவடை மிகுந்த நாள்களில் ஒரு முற்பகல், வேலை ஒன்றும் இல்லாமலே அங்கே போனேன். என் கைவண்ணத்தைக் கூட்டத்தின் நடுவே கண்டு மகிழும் ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. களம் நிரம்பியிருந்தது, நடக்கும் வழிகளிலும் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கடைசித் தூணருகே ஒரு பெண் தம் மூட்டைகளின்மேல் அமர்ந்திருந்தார். நாற்பதைக் கடந்திருக்கலாம். தொண்டூர்க்காரர். சொந்த நிலம் இல்லாத குடும்பம். பிறர் வயலில் நட்டும் அறுத்தும் வந்தவர், முதன்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிரிட்டிருந்தார். இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. அப்போது அவர், அலுவலறையிலிருந்து வெளியே வந்த என்னை அங்கே வேலை செய்பவள் என்று எண்ணி, தம் எண் எப்போது வரும் என்று கேட்டார்.

“வந்துடும்கா. இப்பல்லாம் சீக்கிரமா வந்துடுது. இங்கயே இருங்க” என்றேன்.

அந்த எண்ணைப் பட்டியலில் பார்த்துவிட்டுச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைக் குறைப்பதற்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டிருந்தேன். ஆனால் பார்க்கவில்லை. அவரை இருக்கச் சொல்லிவிட்டு நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் உரிமையாளர் கூப்பிட்டார். வயதான வியாபாரிகளுக்குத் திரையின் எழுத்துச் சிறியதாக இருக்கிறதாம், பெரிதாக்கித் தர வேண்டுமாம். போனபோது கிழக்கே வானம் கருத்திருந்தது. தார்ப்பாய்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அதே தூணருகே அதே மூட்டைகளின்மேல் இருந்தார். பக்கத்து வரிசைக்காரர், முந்திய நாளே நெல்லை விற்றுவிட்டுப் பணம் வாங்க வந்த தெம்பில், அவருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

“வேணாம்னு சொன்னா உட்ருவானுங்களா? அவனுங்க எல்லாம் ஒண்ணு. இனிமே உன் மூட்டய ஏறெடுத்துப் பாக்கமாட்டானுங்க. பேசாம மொத நாளே சரின்னு சொல்லிட்டுப் போவாம, இன்னாத்துக்கு இந்த வீம்பு?”

அந்தப் பெண் தார்ப்பாயின் நுனியைத் தம் மூட்டைகளின்மேல் இழுத்துவிட்டார். என்னைக் கண்டதும், சீக்கிரம் வந்துவிடும் என்றீர்களே, இன்னும் காணோமே என்று கேட்டார். குரலில் குறையில்லை, விவரம் கேட்கிறவரைப் போலவே கேட்டார். எப்போது இறக்கினீர்கள் என்றேன்.

“முந்தாநேத்து. வந்தன்னிக்கே வெல சொன்னாங்கமா. குத்தகை போவ ஒண்ணும் நிக்காது, கட்டாது, வேணாம்னுட்டேன்.”

“வேணாம்னு சொல்லலாமாக்கா?” என்று கேட்டேன்.

“செவுத்துல எழுதியிருக்குதே. என் பொண்ணுதான் படிச்சிச் சொல்லிச்சி” என்றார்.

அலுவலறையின் வெளிச்சுவரில் நீல எழுத்தில் களத்தின் விதிகள் எழுதப்பட்டிருந்தன. விலை கட்டுப்படியாகாவிடில் உழவர் மறுத்து மறுநாள் ஏலத்துக்கு வைக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அந்தச் சுவரைக் கடந்து நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடாதவள் என்று எனக்கு வீட்டில் பெயர்.

பதிவு மேசைப் பெண்ணிடம் விசாரித்தேன். இவருடைய எண்ணுக்கு நேற்றே ஒருவரும் விலை இடவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. விலை பெற்ற எண்களே அவர் திரைக்கு வரும். இந்த எண் வராததைக் கண்டு, யாரும் கேட்கவில்லை என்று அவர் கொண்டார். களத்தில் நடந்த வியாபாரிகள் மூட்டைகளைக் கண்டிருப்பார்கள். பட்டியலில் எண் இல்லாததால் பேசி முடித்த நெல் என்று எண்ணிக் கடந்திருப்பார்கள். விலையை மறுத்த ஒரே காரணத்துக்காக வியாபாரிகள் கூடிப் பேசித் தம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று அந்தப் பெண் கொண்டார். பக்கத்து வரிசைக்காரரும் அவ்வாறே கொண்டார். அப்படி ஒதுக்குவது நடக்காத செயலாக இருந்திருந்தால் யாரேனும் ஒருவராவது ஐயுற்றிருப்பார். நடக்கக்கூடியதாக இருந்ததால் எல்லாருக்கும் அது உடனே விளங்கிவிட்டது.

முந்தாநாள் தேதியுள்ள மூட்டை, இன்றைய மூட்டைகள் மட்டும் என்ற வரிக்குள் எப்படி வரும்?

கணினிமுன் அமர்ந்து பழைய நிபந்தனையைத் திரும்ப எழுதினேன். கூடவே, விற்று முடியாத எண்களுக்கு மட்டுமாகத் தனியே ஒரு சிறிய அடைவு அமைத்தேன். எந்த நாளிலும் அப்படிப்பட்டவை சிலவே இருக்கும். விற்றதும் அந்த எண் அடைவிலிருந்து நீங்கிவிடும். தரவுத்தளம் பழைய பதிவுகளைத் தீண்டவே வேண்டியதில்லை. பட்டியலைத் திறந்தேன். முன்போலவே விரைந்து வந்தது. அந்தப் பெண்ணின் எண் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

அந்த விரைவைக் கண்டு, பட்டியலை மூடி மறுபடியும் திறந்து பார்த்தேன். சரியான வழி மெதுவானதாக இருந்திருந்தால், வேகத்துக்காக ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்று சொல்லிக்கொள்ள இடமிருந்திருக்கும். இரண்டும் ஒரே வேகம். எதற்காகவும் நான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் விளங்காமல் விழித்தார். விளங்கியதும், இதற்காக முகம் வாடலாமா என்று என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். “சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிட்டாப் போச்சிம்மா. கோளாறுக்கு இன்னா ஆளா பேரா?” என்றார். அவர் தீயவர் அல்லர். அன்றைய ஏலத்தை வழக்கத்தைவிடச் சற்று நேரம் நீட்டி வைக்கவும் இசைந்தார். ஒலிபெருக்கியில் அந்த எண்ணைச் சொல்லி வியாபாரிகளைப் பார்க்கச் சொன்னார். ஆனால் பலர் வேண்டிய நெல்லுக்கு விலை இட்டு முடித்திருந்தார்கள். மழைக்குமுன் லாரியைக் கிளப்புவதில் இருந்தது அவர்கள் கருத்து.

நான் அந்தப் பெண்ணிடம் போனேன். நின்றுகொண்டு சொல்லும் செய்தியன்று அது. எதிர்வரிசை மூட்டையொன்றின்மேல் அமர்ந்தேன். அவரை யாரும் ஒதுக்கவில்லை என்றும், பட்டியலை விரைவாக்கும் வேலையில் நான் தவறாக எழுதிவிட்டதால் அவருடைய எண்ணே யார் கண்ணிலும் படவில்லை என்றும் சொன்னேன். தரவுத்தளம், நிபந்தனை என்ற சொற்களையெல்லாம் தவிர்த்து, தூணில் எழுதிய எண்ணை நான் அழித்துவிட்டது போல என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எந்த ஊர் என்று வினவினார். அவலூர்பேட்டைப் பக்கத்து ஊரின் பெயரையும் எங்கள் வீடு இருக்கும் தெருவையும் சொன்னேன். தெருவைச் சொன்னதும் அவர் பார்வை சற்றே விலகியது.

“நீங்க நல்ல மனசுல சொல்றீங்கமா. பொட்டியா ஒருத்தர ஒதுக்கும்? மனுசன் ஒதுக்குனாத்தான் உண்டு” என்றார்.

இல்லை, நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். அவர் தலையசைத்தார். குழந்தை சொல்வதற்கு இசைந்து கொடுப்போமே, அப்படியான தலையசைப்பு. வியாபாரிகளையும் களத்துக்காரரையும் காப்பாற்ற என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் அவர்களைச் சேர்ந்தவள் அல்லள் என்று சொல்ல நினைத்தேன். எந்த வகையில் சேர்ந்தவள் அல்லள் என்று எனக்கே விளங்காததால், அமர்ந்திருந்த மூட்டையிலிருந்து எழுந்துகொண்டேன்.

பதிவு மேசைப் பெண் விலையைப் படித்தார். தொண்டூர்ப் பெண் மறுத்த முதல் விலையைவிடக் குறைவு. படித்தவர் குரல் கடைசியில் தணிந்துபோயிற்று. பக்கத்து வரிசைக்காரர் இம்முறை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாளைக்கு வரைக்கும் வெச்சிப் பாருங்கக்கா. இப்ப உங்க நம்பரு லிஸ்ட்ல இருக்கும். நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“நீங்க பாத்துப்பீங்க. மழைய யாரு பாத்துக்கறது?” என்று சொல்லிவிட்டு, மேசைப் பெண்ணிடம், “சரின்னு போட்டுடுமா” என்றார்.

மூட்டைகள் எடைக்குப் போயின. மழை அன்று வரவில்லை. மறுநாள் விலை ஏறியதென்று பிறகு அறிந்தேன். அவருக்கு நேர்ந்த இழப்பை நான் ஈடுசெய்துவிடலாம் என்று எண்ணி, உரிமையாளரிடம் சொல்லி அந்தப் பெண்ணின் இருப்பிடமும் கேட்டு வைத்தேன். தொண்டூர் தொலைவன்று. ஆனால் போகவில்லை. ஒதுக்கியதை வெளியே சொல்லாதிருக்கத் தரும் வாய்ப்பூட்டு என்றுதான் அதை அவர் எடுத்துக்கொள்வார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பிழையானதன்று. ஆயினும், போய் அவர்முன் நிற்கும் துணிவு இல்லாதவளுக்கு அது மிக வசதியான காரணமாகவும் இருந்தது.

அதன்பின் நாள்தோறும் ஏலம் முடியும் வேளையில், வீட்டிலிருந்தே அந்தத் தரவுத்தளத்தைத் திறந்து, மறுக்கப்பட்டு நிற்கும் எண்களைப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவை மறுநாள் பட்டியலில் ஒழுங்காக வருகின்றன, விலையும் பெறுகின்றன. பலர் மறுக்கிறார்கள். சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. இத்தனை பேர் மறுப்பார்கள் என்று நான் எண்ணியதே இல்லை. என் வரி இருந்த நாள்களில் மறுத்த மற்றவர்கள், விலை வராததைக் கண்டு நெல்லைத் திருப்பி எடுத்துப் போயிருந்தார்கள். என் தந்தையிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். மூட்டையைக் கிடத்தி வைப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும், நமக்கு அது இல்லை என்றார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

தை மாதச் சம்பா அறுவடையின்போது களத்தில் ஒரு புதிய கணினி வாங்கினார்கள். பழையதிலிருந்த பதிவுகளை மாற்றிக்கொடுக்கப் போனேன். விலை படிக்கும் நேரம். மேசைமுன் நின்ற வரிசையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். குத்தகையை விடாமல் இந்தப் போகமும் பயிரிட்டிருக்கிறார் என்பதில் எனக்குண்டான ஆறுதல் சொல்லி முடியாது. அவர் கொண்டுவந்திருந்த நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மணி திரண்டு, பதரில்லாமல், நன்றாகக் காய்ந்திருந்தது. அதைவிடத் தாழ்ந்த நெல்லுக்கு அன்று நல்ல விலை விழுந்திருந்ததைப் பட்டியலில் கண்டேன். அவருடையதற்குக் குறைவாகத்தான் வந்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை, ஏலத்தில் அப்படியும் நேர்வதுண்டு.

அவர் முறை வந்தது. “அக்கா, உங்களுக்கு வந்திருக்கிற வெல...” என்று மேசைப் பெண் தொடங்கினார்.

“சரின்னு போட்டுக்கோமா” என்றார் அவர்.

விலையை இன்னும் படிக்கவே இல்லை. மேசைப் பெண் என்னைப் பார்த்தார். நான் நடுவே நுழைந்து, என்ன விலை என்றாவது கேளுங்கள், பக்கத்து நெல்லுக்கு அதிகம் வந்திருக்கிறது, ஒருநாள் வைத்துப் பார்க்கலாம், வானமும் தெளிவாக இருக்கிறது என்று படபடவென்று அடுக்கினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நலமா என்று முதலில் கேட்டார். பிறகு என் தோளை லேசாகத் தொட்டு, வரிசையில் நிற்பவர்களுக்குக் கேளாத குரலில் சொன்னார்:

“எதுக்குமா வீண் பொல்லாப்பு? ஒருக்கா பட்டது போதும்.”

மேசைப் பெண் சம்மதம் என்று பதிந்தார். எடைக்காரர் கூப்பிட்டதும் அந்தப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய், தம் மூட்டைகளைத் தாமே ஒரு கை பிடித்து மேடையில் ஏற்றத் தொடங்கினார். உதவப் போகலாமா என்று நினைத்தேன். மேசைப் பெண் அடுத்த எண்ணின் விலையைப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், அது கட்டாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று உரக்கச் சொன்னார். எடை மேடையருகே அந்தப் பெண் திரும்பி, அப்படிச் சொன்னவரை ஒரு கணம் பார்த்தார்; பிறகு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.